பேடிச்சேச்சி

லேப்டாப்பை அவர் கையில் கொடுத்தால் உடனே மூடியைத் திறக்க மாட்டார். மோந்து பார்ப்பார். சூடான காற்று வெளியேறும் இடுக்கில் மூக்கை வைத்து இரண்டு தரம் இழுப்பார். பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி புறங்கையை அடிப்பக்கத்தில் வைப்பார். மேசை மேல் ஒரு கண்ணாடித் தகடு கிடக்கும். அதில் லேப்டாப்பை வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துவார். எல்லாம் ஆன பிறகு, நம் முகத்தைப் பார்க்காமல், "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்பார்.

வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் வைத்தியரே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? பாதிப் பேர் அப்போதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.

பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு நாற்சந்தி. அங்கே மாட்டுத் தீவனக் கடைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் நடுவில் அவர் வீடு. முன்னறைதான் கடை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கோயம்புத்தூரில் பல வருடம் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், தனியாக இருந்தார் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆட்டோ ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மலையாளம் பேசுகிறவர்கள். மலையாளத்தில் பேடி என்றால் பயம், சேச்சி என்றால் அக்கா. அவருக்கு அவர்கள் வைத்த பெயர் பேடிச்சேச்சி. காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்பார்.

போனைச் சார்ஜில் போட்டால் அது நிறையும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி. வெளியே போவதென்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார். பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பி வருவார். கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு நோட்டை நீட்டுவார். பெயர், வீடு எங்கே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். எழுதாமல் அவர் கை எதையும் தொடாது. வீட்டில் எத்தனை பேர் இருந்தால் இந்தம்மாவுக்கு என்ன என்று பலருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது.

ஏதோ ஒரு காலத்தில் தீயில் மாட்டியிருப்பார், யாரையாவது பறிகொடுத்திருப்பார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பழகி ரொம்ப நாளைக்குப் பிறகு நானே கேட்டேன்.

"உங்களுக்கு எப்பவாவது ஏதாவது ஆச்சுங்களாக்கா?"

"இல்லீங்க. இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல." கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அதுதான் பயமா இருக்குது."

நான் அவரிடம் முதல் முறை போனது ஒரு மார்ச் மாதம். அப்போது வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கோ இருக்கிற டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவுகள் வரும். அதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். பீடி குடித்துக் குடித்து அப்பாவின் நுரையீரல் போயிருந்தது. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கில் குழாயோடு அவர் ஒரு பக்கம் படுத்திருப்பார். அதே கட்டிலின் மறுபக்கம், ஒரு தலையணையை மடியில் போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் வேலை செய்வேன். அவர் மூச்சு ஒரு நொடி தடுமாறினாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்று காலை லேப்டாப்பைத் திறந்தால் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று திரையில் எழுத்து. ஒரு மணி நேரம் கழித்து ஒருவழியாகத் திறந்தது. ஆனால் பழைய லேப்டாப்பாக இல்லை. நான் ஒரு வரி தட்டி முடித்த பிறகுதான் முதல் எழுத்து வந்தது. உள்ளே விசிறி நெல் அரவை மில் மாதிரி கத்தியது. தலையணையைத் தாண்டித் தொடையில் சூடு ஏறியது. மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டிய கோப்புகள் பதினொன்று இருந்தன. அதற்கு முந்தைய வாரமே தாமதத்துக்காக இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவோடு உட்காரச் சொல்லிவிட்டு, கால் மணி நேரம் வெயிலில் நடந்து போனேன்.

மோந்து, தொட்டு, கண்ணாடி மேல் வைத்து அழுத்தினார். ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்பி டொக்கென்று தட்டியது. அந்தச் சத்தம் கேட்டதும் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"எப்ப இருந்துங்க இப்படி?"

"இன்னைக்குக் காலைல இருந்துதானுங்க்கா. அப்டேட் ஆச்சு. அதுல கெட்டுப்போச்சு. அதை மட்டும் பழையபடி மாத்திக் குடுங்க, போதும்."

"அதுக்கு முந்தி ஒண்ணுமே இல்லீங்களா?" விரல் வைத்து அம்பை நகர்த்துகிற பட்டையை அழுத்திப் பார்த்தார். "இது இறுகிக் கெடக்குதே. எத்தன நாளாச்சுங்க?"

யோசித்தால் இரண்டு மாதம் இருக்கும். கட்டை விரலால் ஓங்கி அழுத்தப் பழகியிருந்தேன். பழகியதால் மறந்திருந்தேன்.

"அப்டேட்டு மேல தப்பில்லீங்க," என்றார். "அது முடிஞ்சப்புறமும் உள்ள ஒரு நாள் ரெண்டு நாள் வேலை ஓடும். எல்லா பைலையும் புதுசாப் படிச்சு வெக்கும். அதனால மெதுவா இருக்குது, சூடாகுது. தானாச் சரியாயிரும். ஆனா உங்க மிஷினால அந்தச் சூட்டை வெளிய தள்ள முடியல. விசிறி அடைச்சிருக்குது. அதுக்கெல்லாம் முந்தியே பேட்டரி வீங்கி அடியில இருந்து முட்டிட்டு இருக்குது. வீங்குன பேட்டரிய இப்படிச் சூடு பண்ணக் கூடாதுங்க. எனக்குப் பயமா இருக்குது. இதை இங்க வெச்சுட்டுப் போங்க."

"மூணு மணிக்கு முடிக்கோணுமுங்க. நாளைக்குக் கொண்டாரேன்."

"எங்க வெச்சு வேலை பாக்கறீங்க?"

"கட்டில்லதான். அப்பாவுக்கு ஆக்சிஜன் வெச்சிருக்குது, பக்கத்துலயே இருக்கோணுமுங்க."

சொல்லிக்கொண்டே லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். அவர் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். நின்று கேட்க நேரமில்லை.

ஒன்றரை மணி வாக்கில் வாசலில் ஆட்டோ நின்றது. அவர்தான். இடுப்பில் சிமெண்ட் அள்ளுகிற இரும்புச் சட்டி, அதில் பாதி மணல். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கியது. நோட்டில் நான் எழுதிக் கொடுத்த வீட்டு அடையாளத்தை வைத்து வந்திருக்கிறார்.

"அம்மிணி, அதை ஆப் பண்ணுங்க."

"ஏனுங்க்கா, இன்னும் நாலு பைல்தானுங்க இருக்குது."

"ஆப் பண்ணுங்க." குரல் உயரவில்லை. சட்டியை இடுப்பிலிருந்து இறக்கி நிலைப்படியில் வைத்தார். மணல் தரையில் சிந்தியது. "அப்பா மிஷினுல இருந்து வர்ற காத்து மெத்தையில, போர்வையில எல்லாம் ஏறிக் கெடக்குமுங்க. அங்க ஒரு பொறி போதும். எனக்கு அங்க கடையில உக்கார முடியல."

 அப்பாவைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை என் முட்டி வரை வந்திருந்தது. அதன் ஓரத்தில்தான் லேப்டாப் இருந்தது, கை வைக்க முடியாத சூட்டில். எத்தனை மாதமாக இப்படி உட்கார்ந்திருக்கிறேன்?

சார்ஜரைப் பிடுங்கி அணைத்தேன். அதைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. அவர்தான் உள்ளே வந்து, இரண்டு கையாலும் அடியில் தாங்கி, சாய்க்காமல் எடுத்தார். உதடு வெளுத்திருந்தது. நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். சத்தத்தில் அப்பா கண் விழித்தார்.

"யாரு கண்ணு அது?"

"லேப்டாப் ரிப்பேருக்கு வந்திருக்கறாங்கப்பா."

"ஊட்டுக்கே வர்றாங்களா? பரவால்லயே," என்று திரும்பிப் படுத்தார்.

கொல்லையில் துவைக்கிற கல் மேல் நான் சட்டியை வைக்க, அவர் மணலில் லேப்டாப்பைக் கிடத்தினார். சூடு அடங்க அரை மணி நேரம் காத்திருந்தோம்.  பிறகு திருகாணிகளைக் கழற்றினார். கையிலிருந்து இரண்டு முறை நழுவி விழுந்தன. அடிமூடி விடுபட்டதும் பேட்டரி தெரிந்தது. தட்டையாக இருக்க வேண்டிய மூன்று பைகளும் பூரி மாதிரி உப்பியிருந்தன. வயிறு உப்பலாக உள்ளது என்று டாக்டர்கள் சொல்லச் சொல்ல எத்தனை முறை தட்டச்சு செய்திருக்கிறேன். அன்றுதான் அந்தச் சொற்களைக் கண்ணால் பார்த்தேன்.

பழைய பஸ் பாஸ் அட்டை ஒன்றை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைப் பெயர்த்தார். ஒவ்வொரு முறை அட்டையைத் தள்ளும்போதும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். பெயர்ந்து வந்ததும் மணலில் புதைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சேலை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

ஆட்டோக்காரர் அந்தச் சட்டியை வண்டியில் ஏற்ற மறுத்துவிட்டார். "பேடிச்சேச்சியே பேடிக்கிற சாதனம், எனக்கு வேண்டா," என்று சிரித்தபடி வண்டியை எடுத்தார். இவர் சட்டியை உடம்பிலிருந்து தள்ளி, நீட்டிய கையில் ஏந்திக்கொண்டு, அந்த வெயிலில் நடந்தே போனார். பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவோடு உட்கார வைத்துவிட்டு, லேப்டாப்பை நான் பின்னால் எடுத்துப் போனேன்.

மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். விசிறிக்குள் தலையணைப் பஞ்சும் தூசியும் அடையாக இருந்ததாம். எடுத்துவிட்டு, சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்திருந்ததை மாற்றி, அப்டேட்டின் பாக்கி வேலையெல்லாம் முடியும் வரை தன் மேசையிலேயே ஓடவிட்டிருக்கிறார். பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடியது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. தட்டினால் எழுத்து உடனே வந்தது. ஆனால் அதற்குள் வேலை போயிருந்தது. மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பல வாரம் எனக்கு அவர் மேல் கோபம்தான் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லையே. இன்னும் ஒன்றரை மணி நேரம் விட்டிருந்தால் முடித்திருப்பேனே. பயந்தவர் ஒருவர் வந்து என்னையும் பயமுறுத்திவிட்டுப் போய்விட்டார் என்று தோன்றும். அப்படித் தோன்றும்போதே கண் அப்பாவின் போர்வை பக்கம் போகும். பின்பு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. மேசை ஒன்று வாங்கி ஜன்னலோரம் போட்டேன். புதுப் பேட்டரி போட அவரிடம்தான் போனேன். அப்படியே பழகிப்போனது.

ஒருநாள் அவர் வீட்டில் கை கழுவப் பின்பக்கம் போனபோது ஒரு உறையைப் பார்த்தேன். கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை, தரைக்கு மேல் பாதி தெரிய நின்றது. மேலே தகரம் மூடியிருந்தது.

"என்னங்க்கா இது?"

"எல்லார்த்து ஊட்டுல இருந்தும் எடுத்ததுங்க." தகரத்தை நகர்த்தாமலே சொன்னார். "உங்களுதும் இங்கதான் இருக்குது."

வீங்கிய பேட்டரிகள் முப்பதுக்கு மேல் இருக்கும் என்றார். யாரும் வாங்கிக்கொள்வதில்லை. பிளாஸ்டிக் எடுக்க மாதாமாதம் வருகிற பெண்கள், எங்கள் சாக்கில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். அது நியாயம்தான். பழைய இரும்புக்காரருக்கு உப்பாத பேட்டரிதான் வேண்டும். கோயம்புத்தூரில் எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. ஆனால் பஸ்ஸில் கொண்டுபோக அவருக்குத் துணிவில்லை, அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற பஸ். வேன் பிடித்தால் ஓட்டுகிறவர் இருப்பாரே என்றார். அதனால் மணலுக்குள் புதைத்துப் புதைத்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். உறைக்கு அடுத்த அறையில்தான் அவர் முன்பு படுத்து வந்தார். அந்த வருடம் கட்டிலை முன்னறைக்கு மாற்றியிருந்தார்.  சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் யாரையும் வெளியே விடவில்லை. ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அம்மிணி, வேலையா இருக்கறீங்களா?"

"சொல்லுங்க்கா."

"தகரம் சுடுதுங்க. வெயிலுல சுடுதா, உள்ள இருந்து சுடுதான்னு தெரிய மாட்டேங்குது. தனியா நிக்க முடியல. செத்த வர முடியுங்களா?"

போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் தெரியாது. வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். அவர் உறைக்குப் பத்தடி தள்ளி, கையில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். காலையிலிருந்து அப்படியே நிற்கிறாராம். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. நான் தண்ணீர் எடுக்க உள்ளே திரும்பியபோது தாளிக்கிற சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. பிறகு சீறல். தகரத்தின் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. கூடவே ஒரு தித்திப்பு வாடை.

"மணல் போடோணும்," என்றார். ஆனால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியல அம்மிணி. காலு வரல."

மண்வெட்டியை நான் வாங்கினேன். மூன்று வெட்டு அள்ளிப் போட்டிருப்பேன். தகரம் எகிறிக் கீழே விழுந்தது. தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது. நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள்தான் எதிரில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைச் சட்டி சட்டியாக அள்ளிப் போட்டார்கள். சித்தூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. ஒன்று அணைந்தால் இன்னொன்று வெடித்து, இரண்டு மணி நேரம் எரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்சுவரும் தீவனக் கடையின் கூரை ஓரமும் கருகின. யாரும் அன்று அவரைப் பேடிச்சேச்சி என்று கூப்பிடவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

ஒரு வாரத்தில் வார்டு மெம்பர் என் வீட்டுக்கு ஒரு மனுவோடு வந்தார். வீடுகளுக்கு நடுவில் ஆபத்தான பொருள் சேர்த்து வைத்திருந்தவர் கடையை மூட வேண்டும் என்று எழுதியிருந்தது.

"ஊட்டுல ஆக்சிஜன் வெச்சிருக்கறீங்க. நீங்க போடாம யாரு போடுவாங்க?" என்றார்.

எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பேட்டரிகள் அந்த உறைக்குள்தான் இருந்தன. என்னுடையதும்தான். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. அந்தத் தீயின் உயரம் கண்ணில் நின்றது. கையெழுத்துப் போட்டேன்.

கடையை மூடிவிட்டு அவர் ஊரை விட்டுக் கிளம்பும் நாளன்று போய், கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க. மெம்பர் ஒரு நகல் குடுத்தாரு," என்றார். "நீங்க போட்டது சரிதான். நானும் உங்க எடத்துல இருந்தா போட்டிருப்பேன்."

சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டத்தில் அவர் தங்கை இருக்கிறாராம். அங்கே போகிறேன் என்றார். "அங்க குளுருங்க. எதுவும் லேசுல சூடாகாது."

பிறகு மனுவின் நகலை எடுத்து மேசையில் விரித்தார். நாலைந்து பெயர்களுக்கு எதிரே பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். அதில் ஒன்றை விரலால் தொட்டார்.

"இந்த ஊட்டுல இருக்கற பேட்டரி இன்னும் மாத்தலீங்க. போன மாசம் கொண்டாந்தாங்க, நான் பயமா இருக்குதுன்னதும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. சின்னக் கொழந்தை இருக்குது. நான் போனா இனிக் கதவு தொறக்க மாட்டாங்க. நீங்க கொஞ்சம் சொல்றீங்களா?"

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் சிரித்தார். இந்த அப்டேட் வந்ததிலிருந்துதான் சூடு, அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்றார்.  அதற்கடுத்த நாளும் போனேன். கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி தனியாக இருந்தார். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் சொல்வதைக் கடைசி வரை கேட்டார். உள்ளே போய் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, வாசலில் எங்களுக்கு நடுவே, மண்ணில் வைத்தார்.

"இதை இப்ப எங்கீங்க கொண்டு போறது?" என்று கேட்டார்.

 நான் குனிந்து, அதன் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.